ஞாயிறு ஆராதனையில் அந்த வீடியோவைப் போடலாமா?

சனிக்கிழமை இரவு பத்து மணிக்குமேல் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்து விழுகிறது. தூரதேசத்தில் ஒரு யுத்தம், அல்லது பஞ்சம், அல்லது கடத்தப்பட்ட பிள்ளைகள். கடைசி முப்பது வினாடியில் ஒரு ஹேஷ்டேக், ஒரு இணைப்பு, ஒரு கெடு தேதி. விடிவதற்குள் வாலிபர் குழுவில் பாதிப் பேர் அதை ஷேர் செய்துவிடுகிறார்கள். யாராவது ஒருவர் போதகருக்கு எழுதுகிறார்: "ஐயா, நாளைக்கு ஆராதனையில இதப் போட்டு ஒரு காணிக்கை எடுக்கலாமா?"

இந்த ஞாயிறு வேண்டாம் என்பதே சரியான பதில். கூடவே, அடுத்த ஞாயிறுக்குள் முடிவு சொல்கிறோம் என்று அந்த வாலிபருக்கு வாக்குக் கொடுக்க வேண்டும், சொன்னபடி முடிவும் சொல்ல வேண்டும். முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு இரண்டாம் பாதியை மறந்துபோகும் சபைகள்தான் அதிகம். அவர்கள் செய்ததற்குப் பெயர் நிதானம் அல்ல.

ஒரு வாரம் தள்ளிப்போடுவது அன்பில்லாத செயல் என்று தோன்றினால், எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகப் பவுல் பணம் திரட்டிய விதத்தைப் பாருங்கள். 1 கொரிந்தியர் 16-இல் அவர் சொல்வது: வாரத்தின் முதல் நாளில் அவரவர் தமக்குக் கிடைத்த வரவுக்குத் தக்கபடி எடுத்து வைக்கட்டும், தான் வந்திருக்கும்போது வசூல் நடக்க வேண்டாம். பேச்சாலும் எழுத்தாலும் ஆட்களை அசைக்கத் தெரிந்தவர், தான் எதிரே நிற்கும் அந்த நேரத்தில் பணம் சேர்க்காதீர்கள் என்கிறார். அவர் வந்து நின்று உருக்கமாகப் பேசியிருந்தால் ஒருவேளை இரண்டு மடங்கு சேர்ந்திருக்கும். அந்த இரண்டு மடங்கு அவருக்குத் தேவைப்படவில்லை. வைரல் பிரச்சாரம் இயங்குவது நேர்மாறாக: உணர்ச்சி உச்சத்தில் இருக்கும் நிமிடத்திலேயே பொத்தானை அழுத்த வைக்க வேண்டும், ஆறப்போட்டால் போயிற்று.

அந்த நிதி சேர்ந்து முடியப் பல மாதங்கள் ஆயின. 2 கொரிந்தியர் 8, 9-ஆம் அதிகாரங்கள், ஒரு வருஷத்துக்கு முன் ஆர்வமாய்த் தொடங்கிய கொரிந்து சபையை, தொடங்கியதை முடியுங்கள் என்று நினைவூட்டும் கடிதம். பணத்தைக் கொண்டுபோகும் பொறுப்பையும் பவுல் தனியாக வைத்துக்கொள்ளவில்லை. தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரர்கள் அனுப்பப்படுகிறார்கள். அவர்களில் ஒருவர் சபைகளாலேயே தெரிந்தெடுக்கப்பட்டவர். ஒருவரும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு இப்படிச் செய்கிறோம் என்று காரணத்தையும் எழுதிவைக்கிறார். அப்போஸ்தலர் 20:4-இல் பவுலோடு பயணம் செய்த ஏழு பேரின் பெயரும், பெரும்பாலோரின் ஊரும் அல்லது நாடும் வரிசையாக வருகின்றன. அவர்கள் இந்தப் பணத்தோடு சென்ற சபைப் பிரதிநிதிகள் என்பது வேத அறிஞர் பலரின் கருத்து.

இதைவிட என்னை நிறுத்துவது ரோமர் 15:31. எருசலேமுக்குக் கொண்டுபோகும் உதவி அங்குள்ள பரிசுத்தவான்களுக்கு ஏற்றதாக இருக்கும்படி ஜெபம் செய்யுங்கள் என்று கேட்கிறார் பவுல். கொடுக்கிறவர்களை நாம் நன்றாகவே கவனித்துக்கொள்கிறோம். வாங்குகிறவர்கள் இதை விரும்புவார்களா என்ற கேள்வியை எத்தனை பிரச்சாரங்கள் கேட்கின்றன?

2012 மார்ச் 5-ஆம் தேதி வெளியான 'கோனி 2012' வீடியோ அதைக் கேட்கவில்லை. அரை மணி நேரப் படம், ஆறே நாளில் 10 கோடிப் பார்வைகள். அதைப் பரப்பியவர்களில் பெரும்பங்கு பள்ளி, கல்லூரி வயதினர். அமெரிக்கக் கிறிஸ்தவ வாலிபர் வட்டாரங்களில் அது காட்டுத்தீயாய்ப் பரவியது. உகாண்டாவில் தோன்றிய 'ஆண்டவரின் எதிர்ப்புப் படை'யின் தலைவர் ஜோசப் கோனியைப் பிரபலமாக்கினால் உலகம் அவரைப் பிடித்துவிடும் என்பது அதன் வாதம். அவர் செய்த கொடுமைகள் கற்பனையல்ல. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2005-லேயே அவர்மீது பிடியாணை பிறப்பித்திருந்தது. ஆனால் அந்தப் படை 2006 வாக்கிலேயே உகாண்டாவைவிட்டு வெளியேறி காங்கோ, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, தெற்கு சூடான் காடுகளில் சிதறியிருந்தது. படத்தில் அது ஒரு வரியாக வந்துபோனது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் மனதில் அது பதியவில்லை.

அதே மாதம் வடக்கு உகாண்டாவின் லிரா நகரில் திரை கட்டி அந்தப் படத்தைக் காட்டினார்கள். கோனியின் படையால் பிள்ளைகளையும் கைகால்களையும் இழந்தவர்கள் கூட்டத்தில் இருந்தார்கள். படம் முடியுமுன்பே கோபம் கிளம்பியது, கல் பறந்தது. மேற்கொண்டு திரையிடுவதை ஏற்பாட்டாளர்கள் நிறுத்திவிட்டார்கள். தங்களைச் சித்திரவதை செய்தவனுடைய பெயரைச் சட்டையிலும் கைவளையத்திலும் அச்சடித்து விற்பதை அவர்களால் தாங்க முடியவில்லை. ஏற்றதாக இருக்கும்படி ஜெபியுங்கள் என்று பவுல் எழுதிய வரியை இந்தக் கல்லெறியோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு, இது கிறிஸ்தவனை இன்னும் அதிகமாக உறுத்த வேண்டியது. கோனியின் படையில் போராடியவர்களில் பெரும்பாலோர் சிறுவயதில் கடத்தப்பட்டவர்கள். ஆகவே அந்தப் படைமீது குண்டு போட்டால் சாகிறவர்களும் அதே பிள்ளைகள்தான். 2008 டிசம்பரில் உகாண்டா ராணுவம் அவர்களுடைய காங்கோ முகாம்களைத் தாக்கியது. கோனி தப்பினார். அதற்குப் பழிவாங்க அவருடைய ஆட்கள் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்துக்காகக் கூடியிருந்த கிராமங்களுக்குள் புகுந்து பல நூறு பேரைக் கொன்றார்கள். ராணுவ நடவடிக்கையே கூடாது என்று இதிலிருந்து முடிவுகட்ட நான் வரவில்லை. யுத்தத்தின் நியாயத்தைப் பற்றிச் சபைக்குள் நேர்மையான இரண்டு கருத்துகள் உண்டு. ஆனால் உகாண்டா ராணுவத்துக்கு அமெரிக்க ராணுவ உதவி தொடர வேண்டும் என்று கேட்ட அந்த வீடியோவை ஷேர் செய்த பதின்மூன்று வயதுப் பிள்ளை, தான் ஒரு ராணுவ நடவடிக்கைக்கு ஆதரவுக் குரல் கொடுக்கிறோம் என்பதை அறிந்திருக்க வேண்டுமா, இல்லையா?

அந்த ஊர்ச் சபைகள் என்ன சொல்லிக்கொண்டிருந்தன என்று விசாரித்திருந்தால் வேறொரு கதை கிடைத்திருக்கும். வடக்கு உகாண்டாவில் கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் ஆர்த்தடாக்ஸாரும் முஸ்லிம்களும் சேர்ந்து அச்சோலி பகுதிச் சமயத் தலைவர்களின் சமாதான அமைப்பை 1990களின் இறுதியிலேயே தொடங்கியிருந்தார்கள். காட்டிலிருந்து திரும்பும் போராளிகளுக்கு மன்னிப்பு வழங்கும் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகக் குரல் கொடுத்தவர்கள் அவர்கள். கடத்தலுக்குப் பயந்து ஒவ்வொரு மாலையும் பல மைல் நடந்து நகரத்துக்கு வந்து தெருவில் படுத்த பிள்ளைகளோடு, 2003-இல் குலு பேராயர் ஜான் பாப்டிஸ்ட் ஓடாமாவும் மற்றச் சமயத் தலைவர்களும் போய்த் தெருவில் படுத்தார்கள். அந்த வீடியோ வருவதற்கு ஒன்பது வருஷம் முன்பே அங்கே திருச்சபை இருந்தது. "நாம் என்ன செய்ய வேண்டும்" என்று கேட்குமுன் "அங்கேயுள்ள சபை என்ன சொல்கிறது" என்று கேட்பதே, இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால், எடுத்துக்கொள்ள வேண்டியது.

அந்த ஒரு வாரத்தில் செய்யக்கூடிய வேலை இதுதான்.

வீடியோவை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை ஒலியோடு. இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிட்டு, கையில் காகிதத்தோடு. இசை போய்விட்டால் எவ்வளவு செய்தி மிஞ்சுகிறது என்பது தெரிந்துவிடும். அது நம்மிடம் கேட்பது என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: பணமா, கையெழுத்தா, ஷேர் மட்டுமா, பொருளா, தத்தெடுப்பா, ஒரு அரசின் நடவடிக்கைக்கு ஆதரவா? அந்த ஒரு வாக்கியத்தை எழுத முடியாவிட்டால் அந்தப் பிரச்சாரத்துக்கே தன் நோக்கம் தெளிவாக இல்லை.

அடுத்து, காட்சிகளின் வயது. வீடியோவிலிருந்து முகங்களோ கட்டடங்களோ தெளிவாகத் தெரியும் நான்கைந்து இடங்களில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸிலும் டின்ஐ (TinEye) தளத்திலும் தேடுங்கள். டின்ஐயில் பழையது முதலில் என்று வரிசைப்படுத்தும் வசதி உண்டு. இன்றைய யுத்தம் என்று வந்த படம் வேறு நாட்டில், வேறு வருஷம் எடுத்ததாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. தேடலில் எதுவுமே கிடைக்காவிட்டால் படம் உண்மை என்று ஆகிவிடாது. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படத்துக்கும் முந்தைய பிரதி இருக்காது. கடைப் பலகைகளின் எழுத்து, வாகன எண் பலகை, விரல்கள், சீருடை ஆகியவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். வீடியோ சொல்லும் சம்பவத்தை, அதோடு தொடர்பில்லாத இரண்டு செய்தி நிறுவனங்களாவது தங்கள் சொந்த நிருபர் மூலம் எழுதியிருக்கின்றனவா? ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் பத்துச் செய்திகள் ஒரே சாட்சிதான். இரண்டு மூன்று சாட்சிகளின் வாக்கு வேண்டும் என்ற உபாகமத்தின் விதி இங்கேயும் செல்லும்.

பிறகு எதிர்த்தரப்பு. "தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான், அவன் அயலானோ வந்து அவனைப் பரிசோதிக்கிறான்" என்கிறது நீதிமொழிகள் 18:17. பிரச்சாரத்தைக் குறை சொல்லும் இரண்டு கட்டுரைகளையாவது வாசியுங்கள். அதில் ஒன்று அந்த நாட்டுக்காரர் எழுதியதாக இருக்கட்டும். அமைப்பின் பெயரோடு "விமர்சனம்" என்ற சொல்லைச் சேர்த்துத் தேடினாலே கிடைக்கும்.

அமைப்பின் கணக்கைப் பார்க்கிறவர்கள் வழக்கமாக ஒரே எண்ணில் விழுந்துவிடுகிறார்கள்: நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்? அந்த எண் மட்டும் ஏமாற்றும். அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் கைடுஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலயன்ஸ் ஆகிய மூன்றுமே 2013-இல் சேர்ந்து வெளியிட்ட பகிரங்கக் கடிதத்தில், நிர்வாகச் செலவை மட்டும் வைத்து நிறுவனத்தை எடைபோடாதீர்கள் என்று கொடையாளிகளைக் கேட்டுக்கொண்டன. கணக்காளருக்கும் களக் கண்காணிப்புக்கும் செலவழிக்காத அமைப்பில்தான் திருட்டு எளிது. கேட்க வேண்டியவை வேறு: தணிக்கை செய்த கணக்கு வெளியிடப்பட்டிருக்கிறதா, நிர்வாகக் குழுவில் சம்பளம் வாங்காத, ஒரே குடும்பமல்லாத ஆட்கள் இருக்கிறார்களா, "திட்டச் செலவு" என்ற தலைப்புக்குள் படம் எடுப்பதும் பயணமும் அடங்குமா. கோனி விவகாரத்தில் நடந்த சண்டையில் பாதி இந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றியது. அந்தப் படத்தை எடுத்த 'இன்விசிபிள் சில்ட்ரன்' அமைப்பு விழிப்புணர்வையே தன் வேலையாகக் கருதியது. பணம் கொடுத்தவர்களில் பலர் அது கிராமத்துக்குப் போகிறது என்று நினைத்திருந்தார்கள்.

தனி நோயாளிக்கான வேண்டுகோள் என்றால் விஷயம் சுருக்கம். மருத்துவமனையின் தொலைபேசி எண்ணை, ஃபார்வர்டில் வந்த கடிதத்திலிருந்து எடுக்காமல், மருத்துவமனையின் சொந்தத் தளத்திலிருந்து எடுத்துக் கூப்பிடுங்கள். நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டுங்கள். படமாக வந்த க்யூஆர் குறியை ஸ்கேன் செய்யாதீர்கள். கட்டணம் முழுதும் அடைந்தபிறகும், சில சமயம் பிள்ளை இறந்தபிறகும், வேண்டுகோள் மட்டும் வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

வைரல் என்றாலே சந்தேகம் என்று சொல்லவில்லை. 2014-இல் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்ட சவாலைக் கேலி செய்தவர்கள் ஏராளம். அதன்மூலம் ஏஎல்எஸ் என்ற நரம்புச் சிதைவு நோய்க்கான அமெரிக்கச் சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அந்தப் பணம் உதவிய ஆராய்ச்சியில் நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணு 2016-இல் அடையாளம் காணப்பட்டது. கோரிக்கை எளிமையானது, வாங்கிய அமைப்பு பல ஆண்டுகளாக அதே வேலையைச் செய்துவந்தது. வேடிக்கையான பிரச்சாரம் என்பதால் பலன் குறையவில்லை, கண்ணீர் வரவழைக்கும் பிரச்சாரம் என்பதால் பலன் கூடுவதும் இல்லை.

பொருளாக அனுப்புவதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பேரிடர் நடந்த துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் இறக்கும் இடம் குறைவு. பழைய துணி மூட்டை ஒன்று இறங்கும்போது தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வரிசையில் நிற்கிறது. பிரித்து அடுக்க ஆள் வேண்டும், கிடங்கு வேண்டும், சுங்கக் காகிதம் வேண்டும். மருந்து இன்னும் மோசம். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்குச் சுமார் 4,000 டன் மருந்து வந்தது. பெரும்பகுதி அந்நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இல்லாதவை. பல, அங்குள்ள மருத்துவர்களால் வாசிக்க முடியாத மொழியில் இருந்தவை. காலாவதியானவற்றை அழிக்கவே தனிச் செலவு. உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை, நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருஷ ஆயுள் மிச்சமிருக்க வேண்டும் என்கிறது. வீட்டு அலமாரியில் மிஞ்சிய மாத்திரைகளை அனுப்புவது காணிக்கை ஆகாது.

பிள்ளைகளைப் "பொருளாக" நடத்துவதும் இதே வகைதான். 2010 ஜனவரி 12 ஹெய்ட்டி நிலநடுக்கம் முடிந்து மூன்று வாரம் ஆகுமுன், அமெரிக்கச் சபைக் குழு ஒன்றைச் சேர்ந்த பத்துப் பேர், முறையான ஆவணம் இல்லாமல் 33 பிள்ளைகளை எல்லை தாண்டி டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்று பிடிபட்டார்கள். அநாதைகளை மீட்பதாகவே அவர்கள் நினைத்தார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோர் உயிரோடிருந்தது பிறகு தெரியவந்தது. பேரிடர் நேரத்தில் தத்தெடுப்பையோ அநாதை இல்லம் கட்டுவதையோ கேட்கும் பிரச்சாரத்துக்கு, என் கணிப்பில், இல்லை என்றே சொல்லிவிடலாம். பிரிந்த குடும்பத்தைத் தேடிச் சேர்க்கும் வேலைக்குப் பணம் கொடுங்கள். வன்கொடுமைக்கு ஆளான பிள்ளையின் முகத்தையும் பெயரையும் காட்டும் வீடியோவை, அது யாருடைய நன்மைக்காக எடுக்கப்பட்டிருந்தாலும், சபைத் திரையில் போடாதீர்கள். யுனிசெஃப் நெறிமுறையும் அப்படிப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை மறைக்கவே சொல்கிறது.

பணம் எப்போது கொடுப்பது என்பது தேவையின் கடிகாரத்தைப் பொறுத்தது. நிலநடுக்கம், வெள்ளம் போன்றவற்றில் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த நாட்டில் ஏற்கெனவே ஆட்களையும் கிடங்கையும் வைத்திருக்கும் அமைப்புக்கு, வீடியோ யார் எடுத்தது என்று பாராமல், அன்றே ஒரு பகுதியை அனுப்பலாம். ஒதுக்கிய தொகையில் பாதிக்குக் குறைவாக அப்போது, மீதியை ஆறு மாதம் கழித்து என்று பிரிப்பது நல்லது. கூரை போடும் காலத்தில் கேமரா இருக்காது, பணமும் வற்றியிருக்கும். சுனாமி நடந்த சில நாட்களிலேயே 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு, சுனாமிக்கென்று இனிப் பணம் அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. தன்னால் செலவிடக்கூடியதைவிட அதிகம் வந்துவிட்டது. வந்ததை வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்தச் சம்மதமா என்று கொடையாளிகளிடம் கேட்டது. மிகச் சிலரே பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். போதும் என்று சொல்லத் தெரிந்த அமைப்பை முகவரியோடு குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சமோ வேறு கணக்கு. சோமாலியாவில் 2011 ஜூலை 20 அன்று பஞ்சம் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. முந்தைய வருஷமே எச்சரிக்கைகள் வந்திருந்தன. 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை சுமார் 2,58,000 பேர் இறந்ததாகப் பின்னர் கணக்கிடப்பட்டது. அவர்களில் பாதிக்கும் மேல் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். அறிவிப்பு வருமுன்பே ஏராளமானோர் போய்விட்டார்கள். எலும்பும் தோலுமான பிள்ளையின் படம் நம் கைபேசிக்கு வரும் நாள், உதவி போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நாளுக்கு மாதங்கள் பிந்தியது. அப்போஸ்தலர் 11-இல் அந்தியோகியா சபை, பஞ்சம் வரப்போகிறது என்று அகபு என்ற தீர்க்கதரிசி சொன்னதைக் கேட்டே பணம் சேர்த்தது. ஒரு படமும் அவர்கள் பார்க்கவில்லை. இன்று அகபுவின் இடத்தில் பஞ்ச முன்னெச்சரிக்கை அறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்று முதல் ஐந்து வரை படிநிலை போட்டிருப்பார்கள், ஐந்துதான் பஞ்சம். மூன்று, நான்கு என்று வரும்போதே கொடுக்கிற சபை வைரல் வீடியோவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

பணம் எடுக்கிற அன்று அறிவிப்பின் வார்த்தைகள் முக்கியம். "வெள்ள நிவாரணத்துக்கு" என்று மட்டும் சொல்லி எடுத்த பணத்தை வேறெதற்கும் செலவிட முடியாமல் பொருளாளர் தவிப்பார். "இன்ன அமைப்பின் வெள்ள நிவாரணப் பணிக்கு, அந்தத் தேவை நிறைவேறினால் அதே அமைப்பின் மற்ற அவசரப் பணிக்கு" என்று சொல்லுங்கள். உறவினரல்லாத இரண்டு பேர் எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு, அடுத்த வங்கி வேலைநாளிலேயே கட்டட்டும். அமைப்பின் ரசீதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலை ஒட்டாதீர்கள், தருமத்தை அந்தரங்கமாய்ச் செய்யச் சொல்லும் மத்தேயு 6 இன்னும் வேதாகமத்தில்தான் இருக்கிறது.

விசாரிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே எதுவும் கொடுக்காமல் தப்பிப்பது எளிது. நல்ல சமாரியன் உவமையில், எரிகோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைவிட்டு விலகிப்போன ஆசாரியனிடமும் லேவியனிடமும் நல்ல காரணங்கள் இருந்திருக்கலாம். ஆகவே விசாரணைக்கும் கெடு வையுங்கள். ஏழாம் நாள் முடிவில் அந்தப் பிரச்சாரம் தேறவில்லை என்றால், ஒதுக்க நினைத்த அதே தொகை, அதே நாட்டில் அல்லது அதே வகைத் துன்பத்தில் உழைக்கும் வேறொரு அமைப்புக்குப் போகட்டும். வீடியோவைக் கொண்டுவந்த வாலிபரையே விசாரணையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் ஏற்கெனவே ஷேர் செய்தது பொய் என்று தெரிந்தால், சத்தமில்லாமல் அழித்தால் போதாது. போட்ட அதே குழுவில் "நான் அனுப்பியது 2015-இல் வேறு நாட்டில் எடுத்தது" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

முடிவெடுத்த நாளிலேயே மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதம் கழித்து மூன்று தேதிகளை நாட்காட்டியில் குறிக்க வேண்டும். அந்த நாளில் பத்து நிமிடம்: என்ன நடந்தது, பணம் எங்கே போனது, யாருக்காக ஜெபிப்பது. இப்படி ஒரு சபை 2012-இல் குறித்துத் தொடர்ந்திருந்தால் என்னென்ன கேள்விப்பட்டிருக்கும் என்று பாருங்கள். 2015 ஜனவரியில் கோனியின் தளபதி டொமினிக் ஆங்வென் சரணடைந்தார். அவரே பள்ளிக்குப் போகும் வழியில் சிறுவனாகக் கடத்தப்பட்டவர். 2017-இல் அமெரிக்காவும் உகாண்டாவும் கோனியைத் தேடுவதைக் கைவிட்டன. 2021-இல் ஆங்வென் 61 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்ப்பாகி 25 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். கோனி பிடிபடாமலே, 2025 செப்டம்பரில் அவர் மீதான குற்றச்சாட்டுகள் அவர் இல்லாமலே விசாரணைக்கு வந்தன.

2024 பிப்ரவரியில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஆங்வென் வழக்கில் பாதிக்கப்பட்ட ஏறக்குறைய 50,000 பேருக்கு, ஆளுக்கு 750 யூரோ அடையாள இழப்பீடும் கூட்டு மறுவாழ்வு உதவியும் என்று மொத்தம் 5.2 கோடி யூரோவுக்குமேல் நிர்ணயித்தது. ஆங்வெனிடம் பணம் இல்லை. பாதிக்கப்பட்டோருக்கான நீதிமன்ற அறக்கட்டளைதான் அதை நாடுகளிடமிருந்தும் தனியாரிடமிருந்தும் நன்கொடையாகத் திரட்ட வேண்டும். 2012-இல் அந்த வீடியோவைத் திரையில் போட்ட சபை எதாவது இன்னும் கைவளையத்தை அலமாரியில் வைத்திருந்தால், அதன் வாலிபர் குழு அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேச வேண்டிய முதல் விஷயம் இந்த இழப்பீட்டு நிதி.